கடலூரிலிருந்து முதல் டிரையத்லான்: 75,000 ரூபாயில் எதை முதலில் வாங்குவது?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

வணக்கம். வயது 37. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை 7 மணிக்கே முதல் ஆள் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார். அதனால் பயிற்சிக்கு எனக்குக் கிடைப்பது விடிகாலை 4.30 முதல் 6.30 வரைதான். வரும் பிப்ரவரியில் சென்னைப் பக்கம் நடக்கும் ஒரு ஒலிம்பிக் தூரப் போட்டிக்குத் துணிந்து பெயர் கொடுத்துவிட்டேன். 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்.

நீச்சலைப் பற்றிக் கவலை இல்லை. முதுநகரில் வளர்ந்தவள். உப்பனாற்றில் அண்ணன்கள் தூக்கிப் போட்டுக் கற்றுக்கொடுத்த நீச்சல், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஆள் மூழ்கமாட்டேன். ஓட்டம் அண்ணா விளையாட்டரங்கிலும் தேவனாம்பட்டினம் சாலையிலுமாக வாரம் 25, 30 கி.மீ. ஆகிறது. 10 கி.மீ. ஓட 68 நிமிடம்.

பிரச்சினை பொருளில்தான். இருப்பது 6 வருடப் பழைய ஹைப்ரிட் சைக்கிள், நேர் ஹேண்டில்பார், 14 கிலோ. முள்ளோடை வரை போய்த் திரும்பினால் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. ஷூ, தள்ளுபடி பார்த்து இணையத்தில் வாங்கியது. வலது கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்து இப்போதுதான் புதிது முளைக்கிறது. போன ஞாயிறு ஒரு கடைக்குப் போனேன். ஈரக்காலைத் தாளில் பதிக்கச் சொல்லிவிட்டு, "உங்களுக்குத் தட்டைப் பாதம்" என்று கட்டைபோல ஒரு ஷூவைக் காட்டினார்கள். டிரையத்லான் என்றதும் அதை உள்ளே வைத்துவிட்டு, கார்பன் தகடு வைத்த இன்னொன்றை எடுத்தார்கள். 21,000 ரூபாய். அஞ்சு நிமிஷத்தில் என் பாதம் மாறிவிட்டதா என்று தெரியவில்லை.

சீட்டு எடுத்த பணம் 75,000 கையில் இருக்கிறது. (இதற்கு ஒரு பவுன்கூட வராது என்பதால்தான் அம்மா சண்டை போடவில்லை.) இதை எப்படிப் பிரிப்பது? பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரே ஷூ போதுமா? டிரையத்லானுக்கென்றே வரும் சைக்கிளா, சாதாரண ரோடு சைக்கிளா? "டிரை சைக்கிள் வாங்கப்போகிறேன்" என்றதும் அப்பா, "மீன் ஏத்தவா?" என்று கேட்டார். அந்த அளவில் இருக்கிறது வீட்டின் ஆதரவு.

ஊசுட்டேரி (புதுச்சேரி)

அக்கா, யோசிக்கவே வேண்டாம். பழைய டிடி சைக்கிள் (தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் டைம் டிரையல் சைக்கிள்) ஒன்று தேடிப் பிடியுங்கள். நேரம் எல்லாம் காற்றில்தான் இருக்கிறது. 1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள் கதை தெரியுமா? கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கி இருந்தார். டிரையத்லான்காரர்கள் போடும் ஏரோ பாரை, அதாவது முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டும் பாரை, மாட்டிக்கொண்டு 24.5 கி.மீ. தனியாக ஓட்டினார். மூன்று வாரப் போட்டியை மொத்தத்தில் 8 விநாடியில் ஜெயித்துவிட்டார். முன்னிலையில் இருந்த ஃபின்யோனிடம் ஏரோ பார் இல்லை, தலையில் ஹெல்மெட்டும் இல்லை. பாக்கிப் பணத்துக்குக் கார்பன் ஷூ. முடிந்தது வேலை.

உப்புக்காத்து (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

தங்கச்சி, தம்பி சொன்ன கதை உண்மைதான். ஆனால் லெமாண்ட் அன்று சைக்கிளை விட்டு இறங்கியதும் 10 கி.மீ. ஓடவில்லை. உங்களுக்கு அங்கேதான் வித்தியாசம்.

எனக்கு 52 வயது. முதல் போட்டி 44 வயதில். தம்பியைப் போலவே நானும் நினைத்தேன். ஆழமான ரிம், தாழ்ந்த பார், படங்களில் பார்ப்பதுபோலக் குனிந்து 40 கி.மீ. ஓட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. இறங்கியதும் இடுப்பு நிமிரவே இல்லை. முந்தின நாள் பெட்டியிலிருந்து எடுத்த புது ஷூ வேறு. 10 கி.மீ.யில் 6 கி.மீ. நடந்தேன். சைக்கிளில் நான் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து, "பரவாயில்லை சார், வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே அளவுகோல்தான். ஒரு சைக்கிள் நல்லதா என்று பார்க்க, 20 கி.மீ. ஓட்டி இறங்கியதும் 3 கி.மீ. ஓடிப் பார்ப்பேன். இந்தப் பயிற்சிக்கு "பிரிக்" என்று பெயர். செங்கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இறங்கி ஓடும் முதல் நிமிடத்தில் தொடைக்குத் தெரிந்துவிடும்.

இப்போது ஷூவைப் பார்ப்போம். ஈரக்கால் சோதனையை மறந்துவிடுங்கள். பாதம் தட்டை என்பதை மட்டும் வைத்து ஷூ தேர்ந்தெடுப்பதில் பெரிய பலன் இல்லை. போட்டு ஓடும்போது எது உறுத்தாமல் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஷூ. சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவருக்குப் பாதம் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். நீங்கள் ஓடும்போது போடும் அதே சாக்ஸைக் கொண்டுபோங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். உங்கள் நகம் செத்தது அந்த இடம் இல்லாததால்தான். விரல்கள் பக்கவாட்டிலும் அசைய வேண்டும். குதிகால் தூக்கக் கூடாது. வாசலில் நாலு தடவை ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

நம் ஊருக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. போட்டியில் ஓட்டம் வரும்போது 9 மணி வெயில் ஏறியிருக்கும். தண்ணீர்ப் பந்தல் வருகிற இடமெல்லாம் தலையில் ஊற்றிக்கொள்வீர்கள். அது முதுகு வழியாக இறங்கி நேராக ஷூவுக்குள்தான் போகும். தடித்த துணியும் பஞ்சும் வைத்த ஷூ அரைக் கிலோமீட்டரில் ஊறவைத்த சோறு மாதிரி ஆகிவிடும். மேல்துணி மெல்லிய வலையாக, தண்ணீர் வெளியே போகிற மாதிரி இருக்க வேண்டும். வாங்கின பிறகு ஒருநாள் வேண்டுமென்றே ஷூவில் தண்ணீர் ஊற்றி 5 கி.மீ. ஓடிப் பாருங்கள். எங்கே உரசுகிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

கார்பன் ஷூவை நான் திட்டமாட்டேன். சும்மா விளம்பரம் இல்லை, துள்ளல் உண்மையாகவே இருக்கிறது. அதில் பெரும்பங்கு தகட்டைவிட அடியிலிருக்கும் அந்த லேசான நுரையால் வருவது. ஆனால் சில ஷூக்களில் குதிகால் உயரம் 40 மி.மீ. வரை போகிறது. சாலை ஓட்டத்துக்கு உலகத் தடகள அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பே அதுதான். அடி குறுகல், திருப்பங்களில் கணுக்கால் ஆடும். சைக்கிளில் களைத்த கால் இன்னும் ஆடும். வேகமாக ஓடுகிறவருக்குக் கிடைக்கிற பலன் 68 நிமிட ஓட்டத்துக்கு அதே அளவு கிடைக்காது. சீக்கிரம் தேய்ந்தும் போகும். 60 நிமிடத்துக்குள் வந்த பிறகு யோசிக்கலாம்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 8 முதல் 10 மி.மீ. இருப்பதாகப் பாருங்கள். வித்தியாசம் குறைந்தால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதிகம் வேலை செய்யும். சைக்கிள் ஓட்டி வந்த கெண்டைக்காலிடம் அந்த வேலையையும் கேட்காதீர்கள்.

ஒரே மாதிரியில் இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒன்று காய, ஒன்று ஓட. ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். உங்கள் கணக்குக்கு ஒரு ஜோடி மட்டும் என்றால் ஐந்தாறு மாதத்தில் தீர்ந்துவிடும். போட்டிக்கு, 60, 70 கி.மீ. ஓடிப் பழகிய ஜோடி. லேஸைக் கழற்றிவிட்டு எலாஸ்டிக் லேஸ் கோத்துவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். ஈரக்கையோடு முடிச்சுப் போடும் அவஸ்தை இல்லை.

சைக்கிள் ரோடு சைக்கிளே போதும். அலுமினியம், முடிந்தால் டிஸ்க் பிரேக். டிடி சைக்கிளில் சீட் குழாய் செங்குத்தாக, 76 பாகைக்கு மேல் நிற்கும். ரோடு சைக்கிளில் 73 பக்கம். அதனால் டிடியில் உடம்பு முன்னால் வந்து, குனிந்தாலும் இடுப்பு அதிகம் மடங்காது. இறங்கி ஓட அது நல்லதுதான். ஆனால் முழங்கையை ஊன்றி ஓட்டும்போது பிரேக் கைக்குப் பக்கத்தில் இருக்காது. உங்கள் பயிற்சி எங்கே? கடலூர் - புதுச்சேரி சாலையில், 5 மணிக்கு. கிருமாம்பாக்கம் நாய்கள், தவளக்குப்பத்தில் டீ குடித்துவிட்டு எதிர்ப்பக்கமாகவே கிளம்பும் வண்டிகள். அந்தச் சாலையில் ஏரோ பாரில் படுத்துக்கொண்டு போக நான் என் தங்கைக்குச் சொல்லமாட்டேன்.

தம்பி, லெமாண்ட் பெயரை எடுத்ததால் சொல்கிறேன். ஏரோ பாரைவிட அவர் பெயரில் புழங்கும் இன்னொரு கணக்கு எல்லாருக்கும் உதவும். சுவரில் சாய்ந்து வெறுங்காலோடு நின்று, தொடை இடுக்கில் ஒரு தடிமனான புத்தகத்தை இறுக்கிச் சொருகி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் (இரண்டு பெடல் தண்டும் சேர்ந்து சுழலும், ஃபிரேமின் அடியிலுள்ள அச்சு) நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை வரவேண்டிய உயரம் கிடைக்கும். அங்கிருந்து தொடங்கி அரை செ.மீ. கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். காசே ஆகாத வேலை. பாதிப் பேர் செய்வதில்லை.

என் கணக்கில் சைக்கிளுக்கு 50,000, ஷூவுக்கு இரண்டு ஜோடி சேர்த்து 14,000. மீதி ஹெல்மெட், ட்யூப், பம்ப், நல்ல சீட்.

கெடிலக்கரை

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வேலை முடிந்து வந்து அம்மாவின் சமையல் புத்தகத்தை வைத்து அளந்தேன். என் உயரம் 158 செ.மீ., உள்கால் 73. பெருக்கினால் 64.5 வருகிறது. இப்போது சைக்கிளில் இருப்பது 61. ஆறு வருடமாக முழங்கால் முன்பக்கம் வலிப்பதற்கு வயதைக் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, சீட். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் உட்கார முடியவில்லை. மெத்தென்ற ஜெல் உறை போட்டேன், இன்னும் மோசம். இரண்டு, ஆரோவில் பக்கம் ஊர் திரும்பும் ஒருவர் ரோடு சைக்கிள் விற்கிறார். 4 வருடப் பழையது, 32,000 கேட்கிறார். பழையது வாங்கலாமா?

செயின் எண்ணெய் (நெல்லிக்குப்பம்)

மேடம், நான் ஓட்டுகிறவன் இல்லை, சரிசெய்கிறவன். ஓட்டம் பற்றி அந்த அண்ணன் சொல்வதைக் கேளுங்கள். பழைய சைக்கிள் பற்றி என்னைக் கேளுங்கள்.

கடற்கரைச் சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது சீட் தண்டு. போல்ட்டைத் தளர்த்தி, மேலும் கீழும் போகிறதா என்று பாருங்கள். உப்புக்காற்றில் துருவும் உப்பும் சேர்ந்து குழாயோடு பிடித்துக்கொண்டிருக்கும். உங்கள் 64.5க்கு இறக்கவே முடியாத சைக்கிளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஒருமுறை அறுத்தே எடுத்தேன்.

அடுத்தது செயின். ஸ்கேலை வைத்து ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால், புது செயினில் 12 அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக நிற்கும். 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டும். 1/8 தள்ளினால் பின்சக்கரப் பல்லும் போயிருக்கும், விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஹேண்டில் சேரும் இடத்திலும் பெடல் அச்சுப் பக்கமும் பெயின்ட்டில் மயிரிழைக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கார்பன் ஃபிரேம் என்றால் நான் துணைக்கு இல்லாமல் வாங்காதீர்கள். பில் கேளுங்கள், ஃபிரேம் எண்ணும் பில்லும் ஒத்துப்போக வேண்டும்.

டயர் 28 மி.மீ. போடுங்கள், 23 எல்லாம் பழைய காலம். கடையில் "கல்லு மாதிரி இருக்கணும்" என்று 100 பிஎஸ்ஐ காற்று அடித்துக் கொடுப்பார்கள். உங்கள் எடைக்கு அவ்வளவு தேவையே இல்லை. குறைத்துப் பாருங்கள், அந்தச் சுண்டுவிரல் மரத்துப்போவதும் கொஞ்சம் குறையும்.

சீமைக் கருவேல முள் இல்லாத சாலை நம் மாவட்டத்தில் கிடையாது. இரண்டு ட்யூப் கையில் வேண்டும். ரோடு சைக்கிள் ட்யூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு, நம் பஞ்சர் கடை பம்ப்பில் மாட்டாது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் கிடைக்கும், சாவிக்கொத்தில் கோத்து வையுங்கள். அது இல்லாமல் ரெட்டிச்சாவடியிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்த ஆளை எனக்குத் தெரியும். பெயர் சொன்னால் இங்கேயே வந்து சண்டை போடுவார்.

கடலோரம் ஓட்டி வந்தால் நல்ல தண்ணீரில் துடைத்து, செயினுக்கு ஒரு சொட்டு எண்ணெய், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், போடுகிறார்கள்.

ஆலை ஓடும் மாதங்களில் எங்கள் சாலைக்கு வந்தால் கரும்பு டிராக்டர் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். காற்று மறைக்கும், சுகமாகத்தான் இருக்கும், கரும்பு எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

ஊசுட்டேரி

முள்ளோடையில் ஏரோ பாரில் படுக்க நானும் சொல்லமாட்டேன் அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாட்டிக் கழற்றும் ஏரோ பார் ஒன்றை அக்கா கடைசி இரண்டு மாதம் பழகிக்கொள்ளலாமே? நேரான சாலையில் காற்றை எதிர்ப்பதில் பெரும்பங்கு உடம்புதான், சைக்கிள் இல்லை. 20,000 ரூபாய் ரிம்மைவிட 4,000 ரூபாய் பார் அதிகம் தரும். போட்டியில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகவும் முடியாது, பெரும்பாலும் 10 அல்லது 12 மீட்டர் இடைவெளி விடச் சொல்வார்கள். காற்றைத் தனியாகத்தான் வாங்கியாக வேண்டும்.

உப்புக்காத்து

இப்போது சரியாகச் சொன்னாய் தம்பி. ஒரு நிபந்தனை: போட்டி விதிகளைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். கூட்டமாக ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் போட்டி என்றால் ஏரோ பாருக்குத் தனி விதி இருக்கும். பழகுவது நெய்வேலி டவுன்ஷிப்பில், ஞாயிறு காலையில். அகலமான சாலை, மர நிழல். வாரத்துக்கு ஒருநாள் சைக்கிளை ரயிலிலோ தெரிந்தவர் வண்டியிலோ ஏற்றிக்கொண்டு போனாலும் தகும்.

தங்கச்சி, சீட் மெத்தென்று இருந்தால் எலும்பு உள்ளே அமிழ்ந்து, அழுத்தம் எல்லாம் நடுவிலுள்ள மென்மையான இடத்துக்கு வரும். உங்களுக்கு ஜெல் உறை மோசமாக இருந்தது அதனால்தான். உட்காரும் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலான தூரம் பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் அதிகம். பெட்டி அட்டை ஒன்றைக் கெட்டியான இருக்கையில் வைத்து, அதில் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் தெரியும். அந்தத் தூரத்துக்கு ஏற்ற அகலமும், நடுவில் வெட்டு வைத்ததுமான, கெட்டியான சீட் வாங்குங்கள். உள்ளே பேட் வைத்த டிரையத்லான் ஷார்ட்ஸ் அதோடு. அதில் பேட் மெல்லிசு, அதனால் நனைந்தாலும் ஓடும்போது பாரமாகத் தொங்காது.

ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளிப் பெடல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது விற்க வருவார்கள். முதல் போட்டிக்குத் தட்டைப் பெடல், ஓடும் ஷூவோடேயே சைக்கிள் ஓட்டுங்கள். இறங்கினால் ஷூ மாற்ற வேண்டியதில்லை, ஹெல்மெட்டை வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான்.

சைக்கிளை நிறுத்திவிட்டுப் பழக வேறு இடமும் இருக்கிறது. எங்கள் கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள். ஒன்றரைக் கிலோமீட்டர் போல நேர்ச்சாலை, ஒரு பக்கம் கடல். கடலூரிலிருந்து இங்கே 22 கி.மீ., வந்து இறங்கியதும் காந்தி சிலையிலிருந்து ஓட ஆரம்பிக்கலாம். திரும்பிப் போனால் 40 தாண்டிவிடும்.

கெடிலக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆரோவில் சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். சீட் தண்டு அசையவில்லை. விற்றவர் நல்ல மனிதர், அவரே பாதி மணி நேரம் முயன்றார். வேர்த்துப்போய், "இது என்னோடே வயதாகட்டும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

புது ரோடு சைக்கிள் 47,500. எனக்குச் சின்ன அளவு ஃபிரேம் வரப் பத்து நாள் காத்திருந்தேன். கடைக்காரர் சீட்டை 68ல் வைத்துக் கொடுத்தார், "பார்க்க அதுதான் ரேஸ் மாதிரி இருக்கும்" என்றார். கடை வாசலிலேயே டேப்பை எடுத்து அளந்து இறக்கினேன். நடுவில் வெட்டு வைத்த சீட் 2,800. ஷூ இரண்டு ஜோடி 13,600, முன்பைவிட ஒரு அளவு பெரியது. கடையின் வாசலில் ஓடியபோது எதிர் மெடிக்கலில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஏரோ பார் டிசம்பரில், மழை விட்ட பிறகு.

போன ஞாயிறு முதல் பிரிக். முள்ளோடை தாண்டிப் போய்த் திரும்பி, மொத்தம் 24 கி.மீ. இறங்கி தேவனாம்பட்டினம் சாலையில் 3 கி.மீ. முதல் 500 மீட்டர் கால் யாருடையதோ. அப்புறம் என்னுடையது ஆனது. நடக்கவில்லை. ஷூவில் தண்ணீர் ஊற்றியும் ஓடிவிட்டேன், இடது காலின் சுண்டுவிரல் பக்கம் மட்டும் உரசல், அங்கே வாசலின் தடவிக்கொள்கிறேன். கை மரத்துப்போவது முக்கால்வாசி போய்விட்டது.

ஹைப்ரிட்டை விற்க மனமில்லை. அப்பா அதில் காலையில் மீன் வாங்கத் துறைமுகம் போய்வருகிறார்.

வரும் ஞாயிறு 5 மணிக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி 6 மணிக்குள் காந்தி சிலைக்கு வந்துவிடுவேன். உப்புக்காத்து அண்ணா வந்தால் சேர்ந்து ஓடலாம். செயின் எண்ணெய் அண்ணா, அடாப்டர் சாவிக்கொத்தில் இருக்கிறது.